பாலிஸ்டைரீன் உருண்டைகளைத் தானா அடுக்க வச்சு ஓபல் ஃபிலிம் பண்றது எப்படி: முழு வழிகாட்டி

சுமார் 200லருந்து 300 நானோமீட்டர் விட்டம் உள்ள பாலிஸ்டைரீன் உருண்டைகளைக் கண்ணாடி மேல நெருக்கமா அடுக்க வச்சு, ஒரு குறிப்பிட்ட கலரை மட்டும் திருப்பி அனுப்புற ஃபில்டர் ஒண்ணு பண்ணப் போறோம், இதுதான் ஓபல் ஃபிலிம். சாயமே கிடையாது, அடுக்கோட இடைவெளிதான் கலரைத் தீர்மானிக்குது. உருண்டை கலந்த தண்ணி உள்ள குப்பியில கண்ணாடி ஸ்லைடை நிறுத்தி, ஓவன்ல மெதுவா ஆவியாக விடுவோம். அடுக்குற வேலையை ஆவியாகுற தண்ணி பார்த்துக்கும், நாம அதுக்கு இடைஞ்சல் பண்ணாம இருந்தா போதும்.

லேபுக்குப் புதுசா வர்றவங்க முதல்ல கேக்குற கேள்வி ஓவன் எத்தனை டிகிரின்னுதான். ஆனா நான் பார்த்த வரைக்கும் ஃபிலிம் கெட்டுப்போறது பெரும்பாலும் குப்பி ஓவனுக்குள்ள போறதுக்கு முன்னாடியே முடிவாகிடுது, உருண்டை கழுவினதுலயோ கண்ணாடி சுத்தம் பண்ணினதுலயோதான் கோளாறு இருக்கும். அதனால கீழ உள்ள வரிசையை மாத்தாதீங்க, நடுவுல ஒண்ணைத் தாவிப் போகவும் வேண்டாம்.

1. முதல்ல கலர், அப்புறம்தான் உருண்டை

எந்த கலர் வேணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் உருண்டை ஆர்டர் போடணும், ஏன்னா விட்டம் பத்து நானோமீட்டர் மாறினாலே கலர் கண்ணுக்குத் தெரியுற அளவுக்கு மாறிடும்.

கணக்கு ரொம்ப ஈஸி. நெருக்கமா அடுக்கின உருண்டைகள் இடத்துல 74 சதவீதத்தைப் பிடிச்சுக்கும், மிச்சம் 26 சதவீதம் காத்து. பாலிஸ்டைரீனோட ஒளிவிலகல் எண் 1.59, காத்தோடது 1. ரெண்டையும் வர்க்கம் எடுத்து அந்த விகிதத்துல கூட்டி வர்க்கமூலம் எடுத்தா சராசரி 1.46 வரும். ஒரு அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் உள்ள தூரம் விட்டத்துல 0.816 மடங்கு. நேரா மேலருந்து பார்க்கும்போது தெரியுற அலைநீளம் = 2 × 0.816 × விட்டம் × 1.46, சுருக்கமா சொன்னா விட்டத்தை 2.38ஆல பெருக்கிக்கோங்க.

190 நானோமீட்டர் உருண்டைன்னா 453, அது நீலம். 220ன்னா 524, நல்ல பச்சை. 270ன்னா 643, சிவப்பு. சிலிக்கா உருண்டை வச்சிருந்தா ஒளிவிலகல் எண் 1.45 கிட்ட இருக்கும், பெருக்க வேண்டிய எண் 2.2 ஆகும்.

இது நேர்ப்பார்வைக்கு மட்டும். 45 டிகிரி சாய்ச்சுப் பார்த்தா 220 நானோமீட்டர் ஃபிலிம் 459 கிட்ட வந்து நீலமாயிடும். இது தெரியாம "சாம்பிள் கலர் மாறிட்டே இருக்கு, கெட்டுப்போச்சு"ன்னு தூக்கிப் போட்டவங்க இருக்காங்க, அப்படித்தாங்க அது இருக்கணும்.

முதல் தடவை பண்றவங்க பாலிஸ்டைரீன்லயே ஆரம்பிங்க. காரணம் அடர்த்தி. பாலிஸ்டைரீன் 1.05, தண்ணியோட கிட்டத்தட்ட ஒண்ணு, அதனால குப்பியில நாள் கணக்குல மிதந்துட்டே இருக்கும். சிலிக்கா 2 கிட்ட, 250 நானோமீட்டர் சிலிக்கா உருண்டை தண்ணில ஒரு நாளைக்கு 3 மில்லிமீட்டர் கீழ இறங்கும். வேகம் விட்டத்தோட வர்க்கத்துல ஏறுறதால 400 நானோமீட்டருக்கு அது 7 மில்லிமீட்டருக்கு மேல போயிடும், அப்ப ஆவியாகி மட்டம் இறங்குற வேகத்தை விட உருண்டை இறங்குற வேகம் முந்திக்கலாம், மேல பாதி ஸ்லைடுல சரியா படியாம போகலாம்.

2. கைல இருக்க வேண்டியவை

உருண்டை டிஸ்பெர்ஷன் (உருண்டைகள் தண்ணில கலந்து இருக்கிற திரவம், டைலூட் பண்ணாத பாட்டிலைத்தான் ஸ்டாக்னு சொல்றேன்; விட்டத்துல வித்தியாசம் 5 சதவீதத்துக்குள்ள, 3ன்னா இன்னும் நல்லது), 18.2 மெகாஓம் தண்ணி (உப்பு அயனி எல்லாம் நீக்கின லேப் தண்ணி), சாதா மைக்ரோஸ்கோப் ஸ்லைடு, டைமண்ட் ஸ்க்ரைபர், 20 மில்லி கண்ணாடி குப்பி, இடுக்கி, குளியல் டைப் சோனிகேட்டர் (ஒலி அலையால அதிர வச்சுக் கலக்குற தொட்டி), சென்ட்ரிஃபியூஜ் (வேகமா சுத்தி உருண்டையை அடியில படிய வைக்கிற மெஷின்), ஓவன். பிளாஸ்மா கிளீனரோ யூவி ஓசோன் பெட்டியோ இருந்தா பெரிய உதவி. அளக்கிறதுக்கு ஒரு ஃபைபர் ஸ்பெக்ட்ரோமீட்டர்.

தண்ணி விஷயத்துல சமரசமே வேண்டாம். உருண்டைகள் மேல எதிர்மின்னூட்டம் இருக்கு, அது ஒண்ணை ஒண்ணு தள்ளிட்டு இருக்கிறதாலதான் ஒட்டிக்காம சுத்துது. தண்ணில உப்பு சேர்ந்தா இந்தத் தள்ளல் எட்டுற தூரம் சுருங்கிடும், லிட்டருக்கு ஒரு மில்லிமோல் உப்புக்கே அது 10 நானோமீட்டருக்கு வந்துடும். குழாத் தண்ணி, கேன் தண்ணி, "டிஸ்டில்டுதான் சார்"னு பழைய கேன்ல மாசக்கணக்கா நிக்கிற தண்ணி, எதுவும் ஆகாது.

உருண்டை ஸ்டாக்கை ஃப்ரிட்ஜ்ல 4 டிகிரில வைங்க, ஃப்ரீசர்ல வச்சிடாதீங்க, உறைஞ்சா உருண்டைகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கட்டியாயிடும், அதைத் திரும்பப் பிரிக்கவே முடியாது.

3. ஒரு சொட்டு டெஸ்ட்

கழுவுறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க, பத்து நிமிஷ வேலை. சுத்தமான ஸ்லைடுல ஸ்டாக்கை ஒரு சதவீதத்துக்கு டைலூட் பண்ணி ஒரு சொட்டு விட்டு காய விடுங்க. டேபிள்ல சிந்தின காபி காயும்போது ஓரத்துல மட்டும் கருப்பா வளையம் விழுமே, அதே மாதிரி உருண்டைகள் ஓரத்துக்கு ஓடிப்போய் வளையமா படியும், காரணமும் அதேதான், ஓரத்துல தண்ணி சீக்கிரம் ஆவியாகுது, நடுவுலருந்து தண்ணி அங்க ஓடுது, உருண்டையையும் இழுத்துட்டுப் போகுது.

அந்த வளையத்தைக் கருப்புத் தாள் மேல வச்சு லைட்டுல சாய்ச்சுப் பாருங்க. பளிச்னு கலர் தெரிஞ்சா உருண்டை எல்லாம் ஒரே சைஸ், நம்பி மேல போகலாம். வெறும் சுண்ணாம்பு வெள்ளையா இருந்தா சைஸ் கலந்து இருக்கு இல்லைன்னா சர்ஃபாக்டன்ட் (சோப்பு மாதிரியான பொருள்) அதிகம். கழுவிட்டுத் திரும்ப ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. அப்பவும் வெள்ளைதான்னா அந்த பாட்டிலை விட்டுடுங்க, எத்தனை ஓவன் மாத்தினாலும் அதுலருந்து ஓபல் வராது.

4. உருண்டையைக் கழுவுறது

கடையில வாங்குற டிஸ்பெர்ஷன்ல நிறைய நேரம் சர்ஃபாக்டன்டும், பூஞ்சை வராம இருக்க சோடியம் அசைடும் கலந்திருக்கும், லேபிள்ல பாருங்க. சர்ஃபாக்டன்ட் பரப்பு இழுவிசையைக் குறைக்குது, உருண்டைகளை ஒண்ணா இழுத்து வைக்கிறதே அந்த இழுவிசைதான், அதனால அதைக் கழுவி எடுத்தே ஆகணும்.

சென்ட்ரிஃபியூஜ்ல எல்லாரும் பண்ற தப்பு நேரத்தைக் குறைச்சு போடுறது. பாலிஸ்டைரீனுக்கும் தண்ணிக்கும் அடர்த்தி வித்தியாசம் 0.05தான், அதனால மெதுவாத்தான் இறங்கும். 220 நானோமீட்டர் உருண்டை, ட்யூப்ல 4 சென்டிமீட்டர் திரவம், 10,000 ஜி விசைன்னா (புவியீர்ப்பு மாதிரி 10,000 மடங்கு) கணக்குப்படி 50 நிமிஷம் ஆகும். 3,000 ஜின்னா ரெண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல. கால் மணி நேரம் ஓட்டிட்டு மேல இருக்கிற பால் மாதிரி திரவத்தைக் கொட்டினா உங்க உருண்டையில பாதிக்கு மேல சிங்க்குல கொட்டுறீங்க.

ஆர்பிஎம்மையும் ஜி விசையையும் குழப்பிக்காதீங்க. 8 சென்டிமீட்டர் ஆரம் உள்ள ரோட்டர்ல 10,000 ஆர்பிஎம்ங்கிறது 8,900 ஜி கிட்ட வரும், வேற ரோட்டர்னா வேற எண்.

அடியில உக்காந்ததைக் கலைக்க புதுத் தண்ணி ஊத்தி, கொஞ்சம் கொஞ்சமா சோனிகேட் பண்ணுங்க, குளியல் தண்ணி சூடாகாம நடுநடுவுல நிறுத்தி ஐஸ் போடுங்க. இதை மூணு நாலு முறை. தேவைக்கு மேல வேகத்துல சுத்தினா அடியில ரப்பர் மாதிரி இறுகிடும், அது முழுசா பிரியாது, அந்தச் சின்னச் சின்ன கட்டிகள்தான் அப்புறம் ஃபிலிம்ல வெள்ளைப் புள்ளியா தெரியும். பொறுமை இருந்தா டயாலிசிஸ் பை (உருண்டையை உள்ள நிறுத்தி, கரைஞ்சதை மட்டும் வெளிய விடுற சவ்வுப் பை) நல்ல வழி, ஒரு வாரம் ஆகும் ஆனா கட்டி கட்டாது. கடைசியா 1.2 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டர்ல ஒரு தடவை வடிச்சுடுங்க.

அசைடு பத்தி ரெண்டு எச்சரிக்கை. அமிலத்தோட சேர்ந்தா விஷவாயு வரும், அதனால கழுவாத ஸ்டாக்கை 11ஆவது படிக்குக் கொண்டு போகவே கூடாது. உலோக பைப்ல ஊத்தினா நாளாவட்டத்துல வெடிக்கிற உப்பு உருவாகலாம். கழுவின தண்ணியைத் தனி பாட்டில்ல சேர்த்து கெமிக்கல் கழிவோட அனுப்புங்க.

5. கண்ணாடி: முதல்ல வெட்டு, அப்புறம் கழுவு

முழு ஸ்லைடு 25 மில்லிமீட்டர் அகலம், 20 மில்லி குப்பியோட வாய்க்குள்ள போகாது. நீளவாக்குல 1 சென்டிமீட்டர் பட்டையா வெட்டிக்கணும். இதைச் சுத்தம் பண்றதுக்கு முன்னாடியே பண்ணிடுங்க, சுத்தம் பண்ணிட்டு வெட்டினா கண்ணாடித் தூள் முழுக்க ஒட்டிக்கும், எவ்வளவு ஊதினாலும் போகாது.

சோப்புத் தண்ணில தேய்ங்க, அப்புறம் அசிடோன்ல பத்து நிமிஷம் சோனிகேட், எத்தனால்ல பத்து நிமிஷம், பிறகு நல்ல தண்ணில ரெண்டு மூணு அலசல். அசிடோன் பாலிஸ்டைரீனைக் கரைக்கிற சாமான், ஒரு துளி மிச்சம் இருந்தாலும் உருண்டைங்க உருகின மாதிரி ஆயிடும், அதனாலதான் நடுவுல எத்தனால், கடைசில தண்ணி.

அடுத்தது கண்ணாடியைத் தண்ணி விரும்புற மாதிரி ஆக்கணும். ஆக்சிஜன் பிளாஸ்மால சில நிமிஷம், இல்லைன்னா யூவி ஓசோன்ல இருபது நிமிஷம். ரெண்டும் இல்லைன்னா தண்ணி 5 பங்கு, அமோனியா 1, ஹைட்ரஜன் பெராக்சைடு 1 கலந்து 70லருந்து 80 டிகிரில கால் மணி நேரம், ஃபியூம் ஹுட்ல, முகக்கவசத்தோட. நிறைய பேர் சல்ஃப்யூரிக் ஆசிட் பெராக்சைடு கலவையைச் சொல்வாங்க, வேலை செய்யும்தான், ஆனா அசிடோனோ எத்தனாலோ மிச்சம் இருக்கிற ஸ்லைடை அதுல போட்டா வெடிக்கும். புதுசா வர்றவங்க கையில நான் அதைக் கொடுக்க மாட்டேன், இந்த வேலைக்கு அது தேவையும் இல்ல.

சுத்தமாயிடுச்சான்னு தெரிஞ்சுக்க தண்ணில முக்கி எடுத்துப் பாருங்க. ஒரே தாளா தண்ணி பரவி நிக்கணும். எங்கயாவது சொட்டாப் பிரிஞ்சு ஒதுங்கினா அந்த இடத்துல ஃபிலிமும் ஒதுங்கும். பாஸான ஸ்லைடை உடனே பயன்படுத்துங்க, காத்துல இருக்கிற எண்ணெய்ப் பசை மெல்லப் படிஞ்சு சில மணி நேரத்துலயே பழையபடி ஆயிடும். நேத்து பிளாஸ்மா பண்ணி டப்பால வச்ச ஸ்லைடு இன்னைக்குப் புது ஸ்லைடு கிடையாது.

6. எவ்வளவு கலக்கணும்

அடுக்கு எண்ணிக்கை உருண்டையோட கனஅளவு சதவீதத்துக்கு நேர் விகிதத்துல ஏறும், விட்டத்துக்கு எதிர் விகிதத்துல இறங்கும். சதவீதத்தை ரெண்டு மடங்கு ஆக்கினா அடுக்கும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. 220 நானோமீட்டர் உருண்டைக்கு 0.2 சதவீதத்துல ஆரம்பிங்க, ஓவனையும் ஈரப்பதத்தையும் பொறுத்து பத்துலருந்து இருபத்தஞ்சு அடுக்கு வரை கிடைக்கும். கலர் நல்லா தெரிய பத்து அடுக்காவது வேணும், முப்பதுக்கு மேல போனா கலர் பெருசா கூடாது, வெடிப்புதான் கூடும்.

ஸ்டாக் 10 சதவீதம்னா 20 மில்லிக்கு 0.4 மில்லி ஸ்டாக். கழுவும்போது கொஞ்சம் உருண்டை போயிருக்கும்ங்கிறதை மறந்துடாதீங்க, பாட்டில் லேபிள்ல இருக்கிற 10 இப்ப 7 ஆகக்கூட இருக்கலாம். ஒரு மில்லியை எடை போட்ட அலுமினியம் கிண்ணத்துல காய வச்சு மறுபடி எடை போட்டா உண்மையான எண் தெரிஞ்சுடும், பத்து ஃபிலிம் பண்ணி அடுக்கு எண்ணிக்கை ஏன் வரமாட்டேங்குதுன்னு தலையைப் பிச்சுக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்.

கலந்த பிறகு பத்து நிமிஷம் சோனிகேட் பண்ணுங்க, குமிழி எல்லாம் போக அரை மணி நேரம் சும்மா வைங்க. ஃப்ரிட்ஜ்லருந்து எடுத்த குளிர்ந்த டிஸ்பெர்ஷனை நேரா ஓவனுக்குள்ள வச்சா சூடாகும்போது கரைஞ்சிருந்த காத்து வெளிய வந்து ஸ்லைடுல குமிழியா ஒட்டும், ஒவ்வொரு குமிழிக்கும் ஒரு வட்ட ஓட்டை.

7. குப்பியும் ஓவனும்

குப்பியை ஸ்லைடைக் கழுவின மாதிரியே கழுவுங்க. ஸ்லைடை இடுக்கியால பிடிச்சு நிறுத்துங்க, நேராவோ கொஞ்சம் சாய்ஞ்சோ நிக்கலாம், ஆனா குப்பியோட பக்கச் சுவரை நீளமா ஒட்டிட்டு இருக்கக்கூடாது, ஒட்டினா அந்த இடுக்குல தண்ணி ஏறி ஓரத்துல தடிச்ச பட்டை விழும். சாய்ஞ்சிருக்கிற ஸ்லைடுல கீழ பார்த்த பக்கம்தான் நல்ல பக்கம், மேல பார்த்த பக்கத்துல தூசியும் கட்டியும் விழும். ஃபிலிம் ரெண்டு பக்கமும் வரும், வேண்டாத பக்கத்தை அப்புறம் ஈரத் துணியால துடைச்சுக்கலாம்.

ஓவனை முன்னாடியே 60 டிகிரில நிலைப்படுத்தி வைங்க. பாலிஸ்டைரீன் 100 டிகிரி கிட்ட இளகும், அதனால 70ஐத் தாண்ட வேண்டாம். ரொம்பக் குறைச்சா வாரக்கணக்குல இழுக்கும், அவ்வளவு நேரம் குப்பி அசையாம இருக்குமான்னு யோசிச்சுக்கோங்க.

இப்ப உள்ள நடக்கிறது என்னன்னா, தண்ணி ஸ்லைடுல ஏறி நிக்கிற மெல்லிய ஓரத்துல ஆவியாதல் அதிகம், அந்த இழப்பை ஈடுகட்ட கீழருந்து தண்ணி ஓடி வருது, அதோட உருண்டையும் வருது. ஓரத்துல தண்ணிப்படலம் உருண்டையோட விட்டத்துக்கு மெலிஞ்சதும் பக்கத்துப் பக்கத்து உருண்டைகளுக்கு நடுவுல தண்ணி வளைஞ்சு ஒண்ணை ஒண்ணு இழுத்து நெருக்கிடுது. இந்த ஓரம் மெதுவா, ஒரே வேகத்துல, கீழ இறங்கிட்டே போகணும். இதைக் கலைக்கிற எதுவும் கோடா பதிவாகும்.

அதனால ஓவனோட ஃபேனை நிறுத்துங்க, நிறுத்த முடியாத மாடல்னா குப்பியை ஒரு பெரிய பீக்கரைக் கவுத்து மூடி, அடியில ரெண்டு கண்ணாடித் துண்டு குடுத்து ஆவி வெளிய போக இடம் விடுங்க. வேக்யூம் பம்ப் இருக்கிற மேஜைல ஓவன் இருந்தா மாத்திடுங்க. கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறது புதுசா வர்றவங்களால அடக்க முடியாத ஆசை, ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஒரு கோடு. கரண்ட் போனாலும் அதே கதைதான், பேக்கப் இல்லாத லேப்னா கரண்ட் அடிக்கடி போற நேரத்துல ஆரம்பிக்காதீங்க. மழைக்காலத்துல ஈரப்பதம் ஏறினா ஆவியாதல் மெதுவாகும், அடுக்கு எண்ணிக்கையும் மாறும், அதனால லேப் நோட்ல டெம்பரேச்சரோட ஈரப்பதத்தையும் எழுதி வைங்க.

ஒண்ணு ரெண்டு நாள்ல தண்ணி இறங்கிடும். முழுக்க வத்துற வரை விடாதீங்க, அடியில உருண்டை செறிவு ஏறிட்டே போறதால கீழ்ப்பக்கம் தடிமனா, வெடிச்சு இருக்கும். கால் பங்கு தண்ணி மிச்சம் இருக்கும்போதே எடுக்கிறது நல்லது.

8. வெளிய எடுக்கிறது

அசைக்காம, மெதுவா, நேரா மேல தூக்கணும். ஈரம் பட்ட பகுதி மேல காஞ்ச பகுதியை விட கொஞ்சம் சிவப்புப் பக்கம் தள்ளின கலர்ல தெரியும், பயப்பட வேண்டாம், நடுவுல காத்துக்குப் பதிலா தண்ணி இருக்கிறதால சராசரி ஒளிவிலகல் எண் 1.53 ஆகுது, 524 இருந்த இடம் 548 ஆகுது. காஞ்சதும் திரும்பிடும்.

இந்த நிலைல ஃபிலிம் விரல் பட்டாலே உதிரும். 80லருந்து 90 டிகிரில ஒரு மணி நேரம் வச்சா உருண்டைகள் தொடுற இடத்துல லேசா ஒட்டிக்கும், கொஞ்சம் தாங்கும். டெம்பரேச்சரை நம்பாதீங்க, ஓவன் டிஸ்பிளே 90 காட்டினாலும் தட்டுகிட்ட 100 இருக்கலாம், தனியா ஒரு தெர்மாமீட்டர் வச்சுப் பாருங்க. தாண்டினா உருண்டை எல்லாம் உருகி ஒண்ணாயிடும், இடைவெளி போயிடும், கலரும் போயிடும், வெறும் தெளிவான பிளாஸ்டிக் பூச்சுதான் மிஞ்சும்.

9. ஃபிலிமைப் பார்த்து என்ன தப்புன்னு கண்டுபிடிக்கிறது

கருப்புத் தாள் மேல வச்சுத்தான் பார்க்கணும். வெள்ளை மேஜை மேல வச்சா பின்னாலருந்து திரும்பி வர்ற வெளிச்சம் கலரை அமுக்கிடும், நல்ல ஃபிலிமைக்கூட மோசம்னு நினைச்சுப்பீங்க.

குறுக்கால ஒரே இடைவெளில கோடு கோடா இருந்தா, ஓரம் ஒரு இடத்துல ஒட்டி நின்னு திடீர்னு வழுக்கி அடுத்த இடத்துக்குப் போயிருக்கு. பொதுவா செறிவு குறைவு, 0.1லருந்து 0.2க்கு ஏத்திப் பாருங்க. இடைவெளி சீரா இல்லாம அங்கொண்ணும் இங்கொண்ணுமா இருந்தா அது அதிர்வு இல்லைன்னா கதவு.

மேலருந்து கீழா நீளவாக்குல வெடிப்பு இருக்கும், அது ஓரளவு எல்லா ஃபிலிம்லயும் வரும், காயும்போது அடுக்கு சுருங்குது, கண்ணாடி சுருங்கறதில்ல, இழுபறில கிழியுது. வெடிப்புக்கு நடுவுல இருக்கிற தீவுகள் சில பத்து மைக்ரான் அகலம் இருந்தாலே ஸ்பெக்ட்ரம் நல்லா வரும். வெடிப்பே வேண்டாம்னா அடுக்கைக் குறைங்க, இல்லைன்னா 11ஆவது படிக்குப் போங்க.

கலரே இல்லாம பால் வெள்ளையா இருந்தா வரிசை அமையல: சைஸ் கலப்பு, உப்பு, சர்ஃபாக்டன்ட், இந்த வரிசையில சந்தேகப்படுங்க. கலர் இருக்கு ஆனா மங்கல்னா வரிசை ஓரளவு இருக்கு, குறைபாடு நிறைய.

திட்டுத் திட்டா ஃபிலிம் இல்லாம கண்ணாடி தெரிஞ்சா 5ஆவது படியில ஏதோ விட்டிருக்கீங்க, வேற எங்கயும் தேட வேண்டாம்.

சாதா மைக்ரோஸ்கோப்புல 220 நானோமீட்டர் உருண்டையைத் தனித்தனியா பார்க்க முடியாது, வெடிப்பையும் தீவையும் பார்க்கலாம். அடுக்கைக் கண்ணால பார்த்துப் பழகணும்னா பயிற்சிக்கு ஒரு மைக்ரான் உருண்டை வாங்குங்க. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குக் கொண்டு போறீங்கன்னா சில நானோமீட்டர் தங்கப்பூச்சு போட்டுட்டு, குறைஞ்ச வோல்டேஜ்ல பார்க்கச் சொல்லுங்க, ஒரே இடத்துல பீம் நின்னா பாலிஸ்டைரீன் சுருங்கி உருகும்.

10. அளக்கிறது

ஸ்லைடோட நடுப்பகுதியை எடுத்துக்கோங்க, மேல் ஓரமும் கீழ் ஓரமும் எப்பவும் வேற மாதிரி இருக்கும். நேர்குத்தா வெளிச்சம் விட்டு எதிரொளிப்பை அளங்க. அளக்கிற புள்ளி சின்னதா இருக்கட்டும், ஒரு மில்லிமீட்டருக்குள்ள, பெருசா இருந்தா தடிமன் வேற வேற இடங்களும் வெடிப்பும் சேர்ந்து பீக் (எதிரொளிப்பு அதிகமா இருக்கிற உச்சி) அகலமாயிடும்.

பீக் கணக்குல போட்ட இடத்துலருந்து பத்து நானோமீட்டர் தள்ளி இருந்தா கவலைப்படாதீங்க, சப்ளையர் சொன்ன விட்டத்துலயே அந்த அளவு வித்தியாசம் இருக்கும். முப்பது நாப்பது தள்ளி இருந்தா விட்டத்தைத் தனியா அளந்து பாருங்க.

பீக்குக்கு ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன அலைகள் தெரிஞ்சா சந்தோஷப்படுங்க, மேல் பரப்பும் கீழ் பரப்பும் இணையா, தடிமன் சீரா இருக்குன்னு அர்த்தம். அதை வச்சு அடுக்கையே எண்ணிடலாம். பீக்கை விட்டுத் தள்ளி நீண்ட அலைநீளப் பக்கம் அடுத்தடுத்த ரெண்டு உச்சி எடுத்துக்கோங்க, உதாரணத்துக்கு 700, 665. ரெண்டையும் பெருக்கி, வித்தியாசத்தையும் 1.46ஐயும் 2ஐயும் பெருக்கின எண்ணால வகுங்க. 4,555 நானோமீட்டர் வரும், அதான் தடிமன். ஒரு அடுக்கு 180 நானோமீட்டர், ஆக 25 அடுக்கு. இதைப் பண்ணிப் பார்த்தா 6ஆவது படில செறிவை எவ்வளவு மாத்தணும்னு அடுத்த தடவை ஊகிக்க வேண்டியிருக்காது.

11. இன்னும் ஒரு படி: இன்வர்ஸ் ஓபல்

உருண்டை இருந்த இடம் காத்தாவும், காத்து இருந்த இடம் சிலிக்காவாவும் மாத்தினா சென்சாருக்கு உபயோகப்படுற ஃபிலிம் கிடைக்கும். முன்னாடி ஓபல் பண்ணி அப்புறம் சிலிக்கா திரவத்தை ஊத்தி நிரப்புவாங்க, மேல தோல் மாதிரி ஒரு பூச்சு தங்கும், வெடிப்பும் நிறைய. 2010ல ஹார்வர்டுல ஜோஆனா ஐசென்பெர்க் குழு வெளியிட்ட வழி இதைவிட நல்லா வருது: சிலிக்கா மூலத்தை உருண்டையோடயே குப்பியில கலந்துடுறது, ரெண்டும் சேர்ந்தே படியும், வெடிப்பு ரொம்பக் குறையும்.

டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட் 1 பங்கு, 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 1 பங்கு, எத்தனால் 1.5 பங்கு, எல்லாம் எடைல, ஒரு மணி நேரம் கலக்குங்க. 0.1 சதவீத உருண்டை உள்ள 20 மில்லிக்கு இதுலருந்து 0.15 மில்லி. இந்த எண் எங்கருந்து வருதுன்னு பார்த்துட்டா வேற செறிவுக்கும் நீங்களே மாத்திக்கலாம்: 20 மில்லில 0.02 மில்லி உருண்டை, இடைவெளி அதுல 26க்கு 74 விகிதம், அதாவது 0.007 மில்லி, அதை நிரப்ப 14 மில்லிகிராம் சிலிக்கா, அதுக்கு 49 மில்லிகிராம் ஆர்த்தோசிலிகேட், கலவைல அது 3.5ல ஒரு பங்கு, ஆக 170 மில்லிகிராம். புதுசா படியுற சிலிக்கா கொஞ்சம் பொறபொறன்னு இருக்கும்ங்கிறதால இதைவிட ஒரு துளி குறைச்சே போடுறோம். அதிகமா போட்டா மேல கெட்டியா கண்ணாடித் தோல் மூடிக்கும், குறைச்சா சுவர் உடைஞ்சு விழும்.

கலவையைக் கலந்த அன்னைக்கே பயன்படுத்துங்க, நாளாக ஆக அது கெட்டியாயிட்டே போகும். 65 டிகிரில ஆவியாக விடுங்க, பிறகு ஃபர்னஸ்ல நாலு மணி நேரம் எடுத்து மெதுவா 500 டிகிரிக்கு ஏத்தி ரெண்டு மணி நேரம் வைங்க. வேகமா ஏத்தினா உள்ள மாட்டின பாலிஸ்டைரீன் வாயுவாகி வெளிய வழி தேடும்போது சுவரைப் பிளந்துடும். புகை நல்லதில்ல, ஃபர்னஸ் வாய் ஃபியூம் ஹுட்டுக்குள்ள இருக்கணும். சாதா ஸ்லைடுக்கு 500 டிகிரி அதோட எல்லை கிட்ட, லேசா வளையலாம், அதனால இந்த வேலைக்கு சிலிக்கான் வேஃபரோ குவார்ட்ஸோ எடுத்துக்கோங்க.

இங்க பெருக்குற எண் 1.85ஆ குறையும், ஏன்னா இப்ப 74 சதவீதம் காத்து. அதனால பச்சை வேணும்னா 220 போதாது, 300 நானோமீட்டர் உருண்டை வேணும், கணக்குல 556 வரும், சுடும்போது சுருங்குறதால நிஜத்துல அதுக்குக் கொஞ்சம் கீழ.

உருண்டை முழுக்க எரிஞ்சு, துளைகள் ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சிருக்கான்னு பார்க்க ஒரு சொட்டு எத்தனால் விடுங்க. துளைக்குள்ள புகுந்ததும் பச்சை மறைஞ்சு மங்கலான சிவப்பு வரும், கணக்குப்படி 678 கிட்ட, எத்தனாலுக்கும் சிலிக்காவுக்கும் ஒளிவிலகல் எண் நெருக்கம்ங்கிறதால கலர் பலவீனமாத்தான் இருக்கும். சில நொடில ஆவியாகி பச்சை திரும்பி வந்துச்சுன்னா சரியா வந்திருக்கு. சொட்டு விட்டும் கலர் மாறாம மேலயே நின்னு ஆவியாச்சுன்னா மேல தோல் மூடியிருக்கு, அடுத்த குப்பில சிலிக்கா கலவையை 0.12 மில்லிக்குக் குறைச்சுப் பாருங்க.